சாவு பிட்

ஐம்பத்து மூன்றாம் வயதில் வேதநாயகம் மறுபடியும் மாணவரானார். அவருடைய ஆசிரியைக்கு அப்போது முப்பத்தாறு.

பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்த நாளிலிருந்து பின்னணி இசைதான் அவருடைய பிழைப்பு. முதல் ஐந்து வருடம் சினிமா ரீரெக்கார்டிங்கில் மற்றவர்கள் எழுதியதை கீபோர்டில் வாசித்தார். பிறகு சொந்தமாக மூன்று படங்கள். மூன்றும் வந்த சுவடு தெரியாமல் போயின. அதன்பின் சீரியல். மாமியார் கதவைத் திறந்தால் ஓர் இசை. மருமகள் திரும்பிப் பார்த்தால் ஓர் இசை. வாரத்தில் ஆறு நாள், இருபது வருடம்.

அத்தனையிலும் ஒன்றுதான் நிலைத்தது. சீரியலில் யாராவது சாகும்போது வருவது. அடியில் தம்பூரா போல ஒரு சுருதி. அதன்மேல் செல்லோவில் நான்கு சுரங்கள், ஈரப் படியில் பார்த்துப் பார்த்து இறங்குவதுபோல. மொத்தம் பதினான்கு வினாடி.

எடிட்டர்கள் அதற்கு 'சாவு பிட்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சீரியலுக்கு எழுதியதை ஆறு சீரியலுக்குப் போட்டார்கள். கட்டிலில் கிடப்பவரின் கை சரியும் முன்பே இசை ஆரம்பித்துவிடும். அடுக்களையில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்காமலே, "போச்சு, ஆளு காலி" என்பார்கள்.

அவருடைய மனைவி பொன்மணி இறந்த ஏழாம் மாதம் அவர் சீரியலை விட்டார். இசக்கியம்மாளைத் தேடிப் போனார்.

இசக்கியம்மாளுக்குச் சொந்த ஊர் ஏரல் பக்கம். இரண்டு பேய்ப் படங்களுக்கு இசையமைத்துப் பெயர் வாங்கியவர். மூன்றாவது படத்தை ஒப்புக்கொள்ளாமல் வீடியோ கேம்களுக்கு இசையமைக்கப் போய்விட்டார். வளசரவாக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாடியில் அவருடைய ஸ்டுடியோ. எவ்வளவு அடைத்தாலும் கீழே யாரோ கிளட்சை விடத் தெரியாமல் வண்டியை உதறவைக்கும் சத்தம் தரை வழியாக வந்துவிடும்.

"உங்க பேரு எனக்குத் தெரியும்" என்றார் இசக்கி. "நீங்க வந்து எங்கிட்ட என்ன படிக்கப் போறீங்க?"

"கேமுக்கு எழுதப் படிக்கணும்."

"ஏன்?"

"சீரியல் போதும்னு ஆயிடுச்சு."

"வேற காரணம்?"

வேதநாயகம் பேசவில்லை. கீழே ஒரு வண்டி உதறி நின்றது.

"பாளையங்கோட்டையா?"

"ஆமா. எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க சும்மா இருக்கிறதுலயே தெரியுது. நாளைக்கு வாங்க, அண்ணாச்சி."

அன்றிலிருந்து வேதநாயகம் 'அண்ணாச்சி'. இசக்கி 'டீச்சர்'. முதலில் வேடிக்கையாகத்தான் அவர் 'டீச்சர்' என்று கூப்பிட்டார். ஒரு வாரத்தில் வேடிக்கை போய்விட்டது.

*

கோயம்புத்தூரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். மலைமேல் மூடிக்கிடக்கும் ஒரு நர்ஸ் விடுதி. காணாமல்போன தங்கையைத் தேடி ஒரு பெண் உள்ளே போகிறாள். ஆடுகிறவர்தான் அந்தப் பெண். இரண்டாம் மாடியில் அறைகளுக்கு நடுவே நீளமான ஒரு நடை. இரண்டு பக்கமும் கதவுகள். கடைசியில் ஒரு பச்சைக் கதவு.

"இந்த நடைக்கு எழுதுங்க" என்றார் இசக்கி.

வேதநாயகம் மூன்று நாளில் எழுதிக் கொண்டுவந்தார். நடையின் தொடக்கத்தில் மெல்லிய சுருதி. பச்சைக் கதவை நெருங்க நெருங்க வயலின்கள் ஏறும். கதவுக்கு ஓரடி முன்னால் எல்லாம் சேர்ந்து அலறி, சட்டென்று நிற்கும்.

இசக்கி கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. மாடிப்படியில் நின்று கீழே குரல் கொடுத்தார்.

"சுகந்தி, ஒரு அஞ்சு நிமிஷம் மேல வாங்க."

சுகந்தி டிரைவிங் ஸ்கூலில் ரசீது எழுதுகிற பெண். வாழ்நாளில் வீடியோ கேம் ஆடியதில்லை. இசக்கி அவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, "இதை முன்னால தள்ளினா நடக்கும். இதை அமுக்கினா கதவு திறக்கும். அவ்வளவுதான்" என்றார்.

சுகந்தி நடந்தார். சுருதி வந்தது. வயலின்கள் ஏறின. பச்சைக் கதவுக்கு நாலடி முன்னால் சுகந்தி நின்றுவிட்டார்.

"திறக்கலையா?" என்றார் வேதநாயகம்.

"எதுக்கு சார்? அதான் மியூசிக்கே சொல்லுதே, உள்ள என்னமோ இருக்குன்னு."

"இருந்தாலும் உங்க தங்கச்சி உள்ள இருக்கலாமே."

"இருக்கலாம்" என்றார் சுகந்தி. கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். "ஆனா பயமா இருக்கு. நான் போறேன்."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. திரையில் அந்தப் பெண் கதவுக்கு நாலடி முன்னால் அப்படியே நின்றாள். மூச்சு விடுகிறாள் என்பது மட்டும் தோள் அசைவில் தெரிந்தது.

"என்ன எழுதணும் டீச்சர்?"

"அந்தப் பொண்ணு இன்னும் அங்கயேதான் நிக்கா" என்றார் இசக்கி. "மறுபடி எழுதிட்டு வாங்க."

*

இசக்கியிடம் சொல்லாத காரணம் ஒன்று வேதநாயகத்திடம் இருந்தது.

பொன்மணி இறந்தபோது ஆஸ்பத்திரிக் கூடத்துத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சாவு பிட் வந்தது. அடுத்த சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அதைத் தற்செயல் என்று சொல்லி அவர் மனதை ஆற்றிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அடுக்ககத்தின் காவலாளி காளியப்பன் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார். வேதநாயகம் அவரைக் கடந்து போகையில் அந்த இசை கேட்டது. எங்கும் தொலைக்காட்சி ஓடவில்லை. யாருடைய போனும் அடிக்கவில்லை. அது அவருடைய காதுக்குள்ளும் கேட்கவில்லை. காளியப்பனுடைய தோளுக்குப் பின்னால், ஓரடி தள்ளி, யாரோ நின்று மெதுவாக வாசிப்பதுபோலக் கேட்டது. பதினான்கு வினாடி. பிறகு மோட்டார் சத்தம் மட்டும்.

"என்ன சார், அப்படிப் பாக்கறீங்க?" என்றார் காளியப்பன்.

"ஒண்ணுமில்ல."

அன்றிலிருந்து வேதநாயகம் பின்பக்கப் படியில் இறங்கிப் போனார். நான்காம் நாள் வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண் என்றார்கள்.

அடுத்தது ரங்கபாஷ்யம். எழுபது வயது வயலின்காரர். இருபது வருடம் இவருக்கு வாசித்தவர். ஸ்டுடியோவில் வில்லுக்கு ரோசின் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கேட்டது. வேதநாயகம் அன்றைய பதிவையே ரத்து செய்தார். அடுத்த பதிவுகளுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார். பெரியவர் இரண்டு முறை போன் செய்தார். இவர் எடுக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் பெரியவருடைய மகன் போன் செய்தான். அதை எடுத்தார்.

அதன்பிறகு கீபோர்டில் கை வைத்தாலே அந்த நான்கு சுரங்கள் வந்தன. சீரியலை விட்டார்.

கேமில் யார் எப்போது சாவார்கள் என்று இசையமைப்பாளருக்கே தெரியாது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அதனால்தான் இசக்கியிடம் வந்தார்.

*

நடைக்கான இசையை ஐந்து முறை எழுதினார். இசக்கி ஒன்றுக்கும் காரணம் சொல்லவில்லை. சுகந்தியைக் கூப்பிடுவார். சுகந்தி சில தடவை மூன்றடி முன்னால் நிற்பார், சில தடவை இரண்டடி. "இன்னைக்குப் பரவாயில்ல சார்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒலி கலக்கும் மிக்சர் மேசையின் ஓரத்தில் செய்தித்தாள் விரித்து, இசக்கி கொண்டுவருவதும் இவர் கொண்டுவருவதும் பாதிப் பாதி. இவருடைய சமையல் சுமார். பொன்மணி இறந்த பிறகு பழகியது.

"மீன் குழம்புல புளி கம்மி, அண்ணாச்சி."

"நாளைக்குச் சரி பண்றேன்."

"இதையேதான் செவ்வாய்க்கிழமையும் சொன்னீங்க."

ஒரு வெள்ளிக்கிழமை, மணி ஒன்றேகால் இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. இசக்கி தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே, கோயம்புத்தூர்க்காரர்கள் பச்சைக் கதவை நீலமாக மாற்றலாமா என்று கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுருதி எழுந்தது.

அங்கே சுவர்தான் இருந்தது. சத்தத்தை உறிஞ்சும் கறுப்புப் பஞ்சு ஒட்டிய சுவர். எந்தச் சத்தத்தையும் திருப்பித் தராத சுவர். அதற்கும் இசக்கியின் தோளுக்கும் நடுவிலிருந்து செல்லோ இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"அண்ணாச்சி?"

வேதநாயகம் எழுந்தார். கை கழுவவில்லை. "தலை வலிக்குது" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இசக்கி போன் செய்தார். இவர் போன் வெளிச்சம் அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்தார்.

*

பதினோராம் நாள் காலையில் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் இசக்கி நின்றார். கையில் தூக்குச்சட்டி. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"உள்ள வரலாமா?"

வேதநாயகம் வழிவிட்டார். இசக்கி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு அடங்க நேரமானது.

"காய்ச்சலா?"

"இல்ல."

"வேலை பிடிக்கலையா?"

"அதெல்லாம் இல்ல டீச்சர்."

"அப்ப எனக்கு என்ன?"

வேதநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

"என் முதுகுக்குப் பின்னால பாத்துட்டு ஓடினீங்க" என்றார் இசக்கி. "அங்க என்ன இருந்துச்சு?"

அவர் சொன்னார். ஆஸ்பத்திரித் தொலைக்காட்சி, காளியப்பன், ரங்கபாஷ்யம், அந்த வெள்ளிக்கிழமை. இசக்கி சிரிக்கவில்லை. மனப்பிரமை என்று சொல்லவில்லை.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது."

"எங்க?"

"அங்கயேதான். உங்க பின்னால."

இசக்கி திரும்பி வெறும் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காது கொடுத்தார். பிறகு திரும்பி உட்கார்ந்தார்.

"காளியப்பன் கடைசி மூணு நாள் என்ன பேசினாரு?"

"தெரியாது."

"வயலின் பெரியவர் எதுக்குப் போன் பண்ணினாரு?"

"தெரியாது. நான் எடுக்கல."

"அக்கா?"

வேதநாயகம் ஜன்னலைப் பார்த்தார்.

"பொன்மணி அக்கா கடைசியா என்ன சொன்னாங்க, அண்ணாச்சி?"

"நான் அங்க இல்ல."

இசக்கி காத்திருந்தார்.

"உள்ள வந்து பாக்கலாம்னு நர்ஸ் கூப்பிட்டாங்க. எழுந்தேன். அந்த நேரம் பார்த்து டிவியில அந்த பிட்டு. என்னால தாங்க முடியல. என் பிட்டு. அவ உள்ள கிடக்கா, வெளிய என் பிட்டு. அதை நிறுத்தணும்னு ரிமோட்டைத் தேடிப் போனேன். வார்டு பாய்கிட்ட கேட்டேன், ரிசப்ஷன்ல கேட்டேன். கீழ கேன்டீன்ல இருக்கும்னாங்க. கேன்டீனுக்குப் போனேன். ரிமோட்டை வாங்கிட்டுத் திரும்பி வந்தேன்."

அவர் நிறுத்தினார்.

"அவ என்னைக் கேட்டாளாம். 'அவரு எங்க'ன்னு கேட்டாளாம்."

கீழே காய்கறி வண்டிக்காரர் கத்திக்கொண்டு போனார்.

"வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன்" என்றார் இசக்கி. "சின்ன வயசுல வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்துல ஒரு வால்வைக் கெடுத்துட்டுது. மாத்தணுமாம். போன மாசமே தெரியும். அந்த வெள்ளிக்கிழமை சோறு தின்னுட்டு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

வேதநாயகம் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

"அப்ப அது நிஜந்தானே, டீச்சர்? அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

இசக்கி தூக்குச்சட்டியைத் திறந்தார். அடுக்களைக்குப் போய் அவரே இரண்டு தட்டு எடுத்து வந்தார்.

"பத்து நாளா நான் தனியா சாப்பிட்டேன், அண்ணாச்சி" என்றார். "உட்காருங்க."

*

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். ஏரலிலிருந்து வந்த தம்பி காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். வேதநாயகம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

இசை முன்பு கேட்டதைவிடப் பலமாகக் கேட்டது. பதினான்கு வினாடி முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தது. கட்டிலின் தலைமாட்டில், இரும்புக் கம்பிக்குப் பின்னால். இரண்டு முறை அவருடைய கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கா?" என்றார் இசக்கி.

"இருக்கு."

"எனக்கும் கேக்கணும். ஹம் பண்ணுங்க."

"வேண்டாம் டீச்சர்."

"ஹம் பண்ணுங்க, அண்ணாச்சி."

அவர் பண்ணினார். தலைமாட்டில் ஒலித்ததோடு சேர்ந்தே நான்கு சுரங்களும் இறங்கின. அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் சடாரென்று எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அப்புறம்?" என்றார் இசக்கி.

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான் எழுதினேன். அப்புறம் விளம்பரம் வந்துடும்."

இசக்கி சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. தள்ளுவண்டி வந்தது.

நீளமான நடை. வேதநாயகம் ஒரு கையால் வண்டியின் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார். மறுபக்கம் அது வந்தது. அவருடைய அடிக்கு அடி, ஒரே வேகத்தில்.

"ஏதாவது பேசுங்க" என்றார் இசக்கி.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. முந்தின நாள் வைத்த மீன் குழம்பைப் பற்றிப் பேசினார். இந்தத் தடவை புளி கூடிவிட்டது. வாயில் வைக்க முடியவில்லை. கரைக்கும்போதே சந்தேகம்தான். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கீழ்வீட்டுப் பூனைக்கு வைத்தால், பூனை மோந்து பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனது. இரட்டைக் கதவுவரை பேசிக்கொண்டே போனார். கதவு மூடும்போது இசக்கியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

ஐந்து மணி நேரம் ஆனது. இசக்கி பிழைத்தார்.

மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். வேதநாயகம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன?" என்றார் இசக்கி. குரல் காற்றாக வந்தது.

"இன்னும் கேக்குது."

"சரி."

"அது தப்பா போச்சுன்னுல்ல நினைச்சேன். நீங்கதான் பிழைச்சுட்டீங்களே. இன்னும் ஏன் கேக்குது?"

இசக்கி கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று இவர் திரும்பினார்.

"தேதி போடாம எழுதியிருக்கீங்க, அண்ணாச்சி" என்றது குரல்.

*

இரண்டு மாதத்தில் ஸ்டுடியோ திறந்தது. மதியம் மறுபடியும் மேசை ஓரத்தில் செய்தித்தாள் விரித்தார்கள். சாப்பிடும்போது இசை சில நாள் வரும், சில நாள் வராது. வந்தால் வேதநாயகம் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். ஊறுகாய் கேட்பார். இசக்கிக்குப் புரிந்துவிடும். எதுவும் சொல்லமாட்டார்.

நடைக்கு அவர் ஆறாவது முறையாக எழுதினார். இந்தத் தடவை வயலின்களே இல்லை. நடக்கிறவளின் பக்கத்திலேயே ஒரு செல்லோ, கிட்டத்தட்ட அவளுடைய மூச்சளவுக்கு. அவள் நின்றால் அதுவும் நிற்கும். அவள் ஓடினால் கூட ஓடி வரும். பச்சைக் கதவு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சுகந்தி நடந்தார். கதவுக்கு ஓரடி முன்னால் நின்றார். கன்ட்ரோலரைப் பிடித்த கை வியர்த்திருந்தது.

"பயமா இருக்கா?" என்றார் வேதநாயகம்.

"முன்னைவிட ஜாஸ்தியா இருக்கு, சார்" என்று சொல்லிக்கொண்டே சுகந்தி கதவைத் திறந்தார்.

கேம் வெளிவந்தது. அந்த நடையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் எங்கிருந்தோ அவருக்கு எழுதினாள்: அந்த இடத்தில் கதவைத் திறக்காமல் வெகுநேரம் சும்மா நின்றேன், யாரோ கூட நின்றதுபோல் இருந்தது. வேதநாயகத்துக்கு அடுத்தடுத்து இரண்டு கேம்கள் வந்தன. வயலின்காரருடைய மகனைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்பா எதற்குப் போன் செய்தார் என்று அவனுக்கும் தெரியவில்லை. காளியப்பனுடைய மனைவியையும் போய்ப் பார்த்தார். போய்வந்ததைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

இசை குறையவில்லை. கூடத்தான் செய்தது. முதலில் எப்போதாவது ஒருவர் பின்னால் கேட்டது. பிறகு பேருந்தில் நான்கைந்து பேர் பின்னால் ஒரே நேரத்தில், ஒருவருக்கு ஒருவர் அரை வினாடி முன்பின்னாக. டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் பின்னால். வங்கியில் பணம் எண்ணுகிற பெண்ணின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். அவர்கள் யாரும் உடனே சாகவில்லை. டீக்கடைக்காரர் மறுநாளும் டீ ஆற்றினார். வேதநாயகம் நின்று பேச்சுக் கொடுத்து, அவர் மகளுடைய பரீட்சை எப்படிப் போனது என்பதுவரை கேட்டார். அந்தக் கடையில் ஆறு வருடமாக டீ குடிக்கிறார். கடைக்காரருக்கு ஒரு மகள் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

*

அந்தச் சமயத்தில் வேதநாயகத்தின் மகள் பெனிட்டா பிரசவத்துக்கு வந்தாள். அம்மா இல்லாத வீடு என்பதால் வேதநாயகத்தின் அக்கா பாளையங்கோட்டையிலிருந்து வந்து கூட இருந்தார். பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ.

பன்னிரண்டாம் நாள், காலை பத்து மணி. இசக்கி ஹெட்போன் போட்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். படியில் ஓடிவரும் காலடி தரை வழியாகத் தெரிந்தது. வேதநாயகம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வியர்வையில் நனைந்திருந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இசக்கி ஹெட்போனைக் கழற்றினார்.

"டீச்சர், பாப்பாகிட்ட கேக்குது."

இசக்கியின் முகம் ஒரு கணம் வெளுத்தது.

"எப்ப?"

"இப்பதான். அக்கா குளிப்பாட்டித் தொட்டில்ல போட்டுட்டுப் போனா. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் கேட்டுது. கிட்ட. ரொம்பக் கிட்ட. வேற யாருக்கும் இவ்வளவு மெதுவா வாசிச்சு நான் கேட்டதில்ல."

"முழுசாவா?"

"பதினாலு வினாடியும்."

"பாப்பாவுக்கு உடம்புக்கு ஏதும்?"

"ஒண்ணுமில்ல. நேத்துதான் டாக்டர் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னாரு. பன்னிரண்டு நாள், டீச்சர். பொறந்து பன்னிரண்டே நாள்!"

கீழே ஒரு வண்டி உறுமி, உதறி, ஓய்ந்தது.

"கேட்டதும் என்ன செஞ்சீங்க?"

"தூக்கினேன்."

"நின்னுச்சா?"

"நிக்கல. என் கூடவே வந்துச்சு. கூடத்துக்குப் போனா கூடத்துக்கு. ஜன்னலுக்குப் போனா ஜன்னலுக்கு."

"பாப்பா அழுதாளா?"

"இல்ல. என் விரலைப் பிடிச்சுக்கிட்டா. கொஞ்சம் பால் கக்கினா. அப்புறம் தோள்லயே தூங்கிட்டா. அக்காகிட்ட கொடுத்துட்டு ஓடி வரேன். நான் என்ன செய்யணும், டீச்சர்? சொல்லுங்க. நான் என்ன செய்யணும்?"

இசக்கி எழுந்து அவர் பக்கத்தில் வந்தார். அவருடைய இடது தோளைப் பார்த்தார். சட்டையில் வெள்ளையாக ஒரு கறை. விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரம்.

"அப்ப இங்க என்ன செய்யுதீங்க, அண்ணாச்சி?" என்றார்.